அண்ணனும் கிழட்டுச் சிங்கமும்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நகராட்சிக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட் இருக்கின்றன. முக்கியமானவற்றுக்கு அவன் பெயர் வைத்திருந்தான். வாசல் பக்கத்து இரண்டும் மாப்பிள்ளைகள். கண்ணாடியும் பளபளப்புமாக நிற்கும், வேலை மட்டும் ஓடாது. மேசை நாற்காலி ஏற்றுவது எருமை. கட்டடத்தின் பக்கவாட்டில், மேயர் மட்டும் ஏறி இறங்கும் சின்ன லிஃப்டுக்கு மௌனச்சாமி என்று பெயர். போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே, அண்ணன் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வீட்டில் ஒரு குழாயை ஒழுங்காக மூடத் தெரியாது.

அவர்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குகிறவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்புப் பூட்டு. ஆளின் போட்டோ அதில் தொங்கும். போட்டவரைத் தவிர வேறு யாரும், கம்பெனி முதலாளியே வந்தாலும், அதைத் தொடக்கூடாது. அந்தப் போட்டோவுக்காக அம்மா அவனை முகம் மழிக்க வைத்து, தலை சீவிவிட்டு, மூன்று முறை எடுக்கச் சொன்னாள். மூன்றிலும் சைக்கிள் திருடன் மாதிரியே விழுந்தான்.

அவனுடைய ஜோடி ஸ்பேனர் அக்கா. லிஃப்டுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் குழியில், ஒருவர் மேலே மெஷின் அறையில். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஐந்து வருடம் ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருந்தது. சோறு கொண்டுபோன நாட்களில் நானே கேட்டிருக்கிறேன்.

"அக்கா, எறங்கப் போறேன். பூட்டு சரியா விழுந்திருக்கா பாரு."

"விழுந்திருச்சுடா. உன் மூஞ்சியப் பாத்ததும் சுவிட்சே மயங்கி விழுந்திருச்சு."

"உன் போட்டோவ விடவா? அதத் தொங்க விட்டா லிஃப்ட்டு மூணு நாளைக்கு ஓடாது."

இப்படித்தான் இருந்தான் என் அண்ணன். யாராவது கேட்டால் சொல்வதற்காக முதலில் இதை எழுதி வைக்கிறேன்.

இருபத்து நான்கு வயதில் மெஷின் அறை ஏணியிலிருந்து சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டான். ஆறு வாரம் கட்டில். அம்மா ஆஸ்பத்திரிச் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நான் பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டு வெளியே வந்து, வீட்டிலிருந்தபடி ரெடிமேட் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் துணை போன்தான். முழங்காலுக்குப் பயிற்சி சொல்லித் தருகிற ஒருவரின் வீடியோவில் ஆரம்பித்தான். நீட்டு, மடக்கு, பத்து எண்ணு. அதே ஆள் மூன்றாவது வாரம், ஆம்பளைகள் எல்லாம் ஏன் இன்றைக்குக் கட்டிலில் கிடக்கிறார்கள், யார் தள்ளிவிட்டது என்று பேச ஆரம்பித்தார். ஏணி தள்ளிவிட்டது என்று நான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

அந்த ஆறு வாரத்துக்குள்தான் கம்பெனியில் தலைமை மெக்கானிக் தேர்வு வந்தது. இவனால் போக முடியவில்லை. ஸ்பேனர் அக்கா போனாள், ஜெயித்தாள். ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்து, "அடுத்த வருஷம் நீ எழுது, நானே பாடம் எடுக்குறேன்" என்றாள். அவள் போனதும் பழத்தைச் சுவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "அவளுக்கு எப்படிக் கெடச்சதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?" என்றேன்.

"பொம்பளைங்கறதால."

"அந்தக் கணக்குல பாத்தா எனக்கும் ஒரு வேலை கெடச்சிருக்கணுமே?"

வேலைக்குத் திரும்பிய பிறகு சாப்பாட்டு நேரம் பிரசங்க நேரமாகிவிட்டது. அவன் சேர்ந்திருந்த குழுவுக்கு 'விழித்த ஆண்கள்' என்று பெயர். பத்தொன்பதாயிரம் பேர். அங்கே படித்ததை இங்கே பரிமாறுவான்.

"அம்மா, நீ யாரக் கேட்டு வேலைக்குப் போன?"

"வயித்தக் கேட்டு," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறியா?"

எனக்குக் கை சும்மா இருக்காது. நானும் குழுவில் சேர்ந்தேன். 'கிழட்டுச் சிங்கம்' என்று பெயர், பல் இல்லாத சிங்கத்தின் படம். என்னைப் பற்றி: மூன்று திருமணம், நான்கு விவாகரத்து, அனுபவஸ்தன். பத்தொன்பதாயிரம் பேரில் ஒருவன்கூட அந்தக் கணக்கைச் சரி பார்க்கவில்லை. முதல் நாள் இப்படி எழுதினேன்: 'பெண் சிரித்தால் ஏழு அடி தள்ளி நில். சிரிக்காவிட்டால் பதினான்கு அடி. இடம் போதாவிட்டால் வீட்டை மாற்று.' நானூறு பேர் இதயம் போட்டார்கள். ஒருவர் பணிவாகக் கேட்டிருந்தார்: 'ஐயா, சொந்தத் தங்கைக்கும் இதே அளவா?'

அன்றைக்கு அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் போனைத் தூக்கிப் பிடித்தான். "பெரிய மனுஷன் ஒருத்தர் எழுதியிருக்காரு, ரெண்டு பேரும் கேளுங்க." கேட்டேன். சோறு மூக்கில் ஏறி, அம்மா என் தலையில் தட்டினாள். மறுநாள் முதல் அவன் தன் நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டுக்கொண்டு தனியே சாப்பிட்டான். நான் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். ஏழடி. அதற்குப் பிறகு அந்த வேடிக்கை எனக்கே சரியாக இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் வேறொரு ஊரில் ஒருவன், கூட்டம் முடிந்து வெளியே வந்த பெண் அமைச்சர் ஒருவரைச் சுட்டுவிட்டான். மழை பெய்துகொண்டிருந்ததாம். அவருக்குக் குடை பிடித்து நின்ற பெண்ணும் செத்துப்போனாள். பொழுது சாய்வதற்குள் குழுவில் சுட்டவனுக்குச் சிறகு வரைந்து, தலைக்குப் பின்னால் வெளிச்சம் போட்டுவிட்டார்கள். 'குடை பிடித்தவள் என்ன தப்பு செய்தாள்?' என்று சிங்கத்தின் பெயரில் கேட்டேன். 'அவளும் அதே கூட்டம்தானே ஐயா' என்று பதில் வந்தது. அதற்கு அறுநூறு இதயம். அவற்றில் ஒன்று அண்ணனுடையது.

அவன் போனின் முகப்பில் அந்தச் சிறகுக்காரன் வந்து உட்கார்ந்தான். அம்மா பார்த்துவிட்டாள்.

"யாருடா இந்தப் பையன்? உங்க ஆபீஸா? பல நாளாத் தூங்காத மாதிரி இருக்கானே."

"தியாகிம்மா."

"ஐயோ பாவம். எந்தச் சண்டைல?"

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அடுத்த வாரம் ஒரு மதிய வேளையில், நான் பொத்தானுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, சிங்கத்துக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அண்ணனிடமிருந்து. 'ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? வேற யார்கிட்டயும் கேக்க முடியல. எனக்கு முழங்கால் இன்னும் சரியாகல. ஏணியில ஏறும்போது கால் நடுங்குது. வீட்ல சொல்லல. கூட வேலை செய்யறவளுக்குத் தெரிஞ்சா என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாளோன்னு பயமா இருக்கு.'

ஊசி கையில் குத்தியது. எங்களிடம் ஆறு மாதமாக ஒரு வார்த்தை சொல்லாததை, பல் இல்லாத சிங்கத்திடம் சொல்கிறான். விளையாட்டு வரவில்லை எனக்கு. வெந்நீர் ஒத்தடம் கொடு, எடை தூக்காதே என்று எழுதினேன். 'நீங்க எனக்கு அப்பா மாதிரி' என்று பதில் எழுதினான். எங்கள் அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே வீட்டை விட்டுப் போனவர். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

பிறகு தினமும் பேசினோம். 'சிங்கம் தன் தட்டைத் தானே கழுவும்' என்று எழுதினேன், எங்களுக்கும் வாசித்துக் காட்டிவிட்டு அன்றைக்கே கழுவினான். 'தாயோடு உட்கார்ந்து உண்பவனே வீரன்' என்றேன். நாற்காலி நாலடி நகர்ந்து வந்தது. இப்படியே ஒவ்வொரு அடியாக இழுத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மா அவன் தட்டுக் கழுவுவதைப் பார்த்து, "கால் சரியானதும் மனசும் சரியாயிருச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது.

'ஐயா, குழுவுல காவலன்னு ஒருத்தர் இருக்காருல்ல, அவரு என்னை ஒரு வேலைக்குத் தேர்ந்தெடுத்திருக்காரு. எங்க மேயரம்மா வியாழக்கிழமை பத்து மணிக்கு மௌனச்சாமியில ஏறுவா. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நாலு நிமிஷம் நிறுத்தணும். அவ்ளோதான்.'

மேயர், நகரப் பேருந்து ஓட்ட நாற்பது பெண்களை வேலைக்கு எடுத்தவர். குழுவில் அவர் படத்துக்குக் கொம்பு வரைந்து வைத்திருந்தார்கள்.

'எதற்கு நிறுத்த வேண்டும்?' என்று கேட்டேன்.

'சும்மா பயமுறுத்தத்தானாம். வீடியோ எடுப்பாங்களாம். மூணாவது மாடியில லிஃப்ட்டோட வெளிக்கதவத் திறக்குற சாவி கேட்டாங்க, நேத்து கொடுத்துட்டேன். கதவ யாரு திறக்குறாங்க, எதுக்குத் திறக்குறாங்கங்கறது என் வேலை இல்லங்கய்யா. என் வேலை நிறுத்துறது மட்டும்.'

சேட்டையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். பயமுறுத்த மட்டும் வருகிறவன் சாவி கேட்கமாட்டான். அவர்களுக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் தேவைப்பட்டிருந்தது. என் அண்ணனுக்கு யாராவது தன்னைத் தேர்ந்தெடுப்பது தேவைப்பட்டிருந்தது. 'செய்யாதே மகனே. சாவியைத் திருப்பி வாங்கு. இது உன்னைத் தூக்கில் கொண்டுபோய் நிறுத்தும்' என்று எழுதினேன். மதியம் முழுக்கப் பதில் இல்லை. நாலு மணிக்கு வந்தது: 'காவலன் சொன்னது சரிதான். நீங்க கிழடாயிட்டீங்க.' நான் எழுதியதைப் படம் பிடித்துக் காவலனுக்கும் அனுப்பியிருந்தான். ஐந்து நிமிடத்தில் சிங்கத்தைக் குழுவிலிருந்து விரட்டினார்கள். 'இது நிச்சயம் பொம்பளையாகத்தான் இருக்கும்' என்று காவலன் எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அவர்கள் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, அந்தக் கிழட்டுச் சிங்கம் நான்தான்."

வாயில் நுரையோடு சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "நீயா? உனக்கு ஒரு வரி ஒழுங்கா எழுத வருமாடி வாலு?"

"சிங்கம் தன் தட்டைத் தானே கழுவும். நான் எழுதினது."

"அதான் ஊருக்கே தெரியுமே. நான்தான வாசிச்சுக் காட்டினேன்."

"ஏணியில ஏறும்போது உன் கால் நடுங்குது. எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு வெந்நீர்ப் பையத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்க."

சிரிப்பு நின்றது. வாயைக் கொப்பளித்தான். மெதுவாகத் துடைத்தான். "என் போனை எடுத்துப் பாத்தியா?"

"இல்லண்ணா, நீயே எனக்கு எழுதின."

"என் போனை எடுத்துப் பாத்திருக்க." அவன் குரல் உயரவே இல்லை. "வீட்டுக்குள்ளயே வேவு. அவங்க சொன்னாங்க. நான்தான் நம்பல."

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் போனைப் பார்த்ததற்குச் சாட்சியாகவே போய் விழுந்தது. சின்ன வயதிலிருந்து அவன் செருப்பில் தவளை விட்டவள், சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டியவள். எந்த முகத்தோடு நம்பச் சொல்வேன்?

அம்மாவிடம் சொன்னேன். "அவன் அப்படிப்பட்ட பையன் இல்ல," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு நிமிஷம்தானடி? லிஃப்ட்டு நிக்கறதுதான?" என்றாள். மடித்து வைத்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

போலீஸ் நிலையத்துக்குப் போனேன். மேசைக்காரர் பேனாவை எடுத்தார்.

"லிஃப்ட் நின்னுச்சா?"

"இன்னும் இல்ல சார். வியாழக்கிழமை நிக்கும்."

"அப்போ வெள்ளிக்கிழமை வா." பேனாவை மூடினார். "அண்ணன் அடிச்சானா? போன் வாங்கித் தரலையா?"

"சார், மேயரம்மாவ..."

"பாப்பா, மேயரம்மாவத் திட்டி ஒரு நாளைக்கு நூறு பேர் எழுதுறான். எல்லாரையும் பிடிச்சா உக்கார வைக்க எங்ககிட்ட பெஞ்சு இல்ல."

மிச்சமிருந்தது ஸ்பேனர் அக்கா. புதன்கிழமை மதியம், அண்ணன் மாப்பிள்ளைகளில் ஒருவனை எண்ணெய் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மெஷின் அறைக்குப் படியேறிப் போனேன். எல்லாவற்றையும் கேட்டாள். குறுக்கே ஒரே ஒரு கேள்வி.

"வெளிக்கதவுச் சாவியக் கொடுத்துட்டானா? கைய விட்டுப் போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

அவள் இடுப்பில் தொங்கிய தன் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அவனுக்கு முட்டி வலின்னு எனக்கு மூணு மாசமாத் தெரியும்மா. அதான் ஏணி வேலையெல்லாம் நானே எடுத்துக்கிட்டேன். சொன்னா ரோஷப்படுவான்னு சொல்லல." பிறகு எழுந்தாள். "நாளைக்கு மௌனச்சாமி ஓடாது. நீ வீட்டுக்குப் போ."

வியாழக்கிழமை அம்மா விடிந்ததும் அவனுடைய வேலை பூட்ஸை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். அவளால் முடிந்தது அது. அவன் தேடினான். எங்களைப் பார்த்தான். வீட்டுச் செருப்போடு கிளம்பிப் போனான்.

மீதியை அக்கா சொல்லித்தான் தெரியும். காலை எட்டு மணிக்கே மௌனச்சாமியின் சுவிட்சை அணைத்து, அவள் தன் பூட்டைப் போட்டுவிட்டாள். மேயரின் காவலர்களிடமும் சொல்லியிருந்தாள். அவர்கள் அரைகுறையாக நம்பி, ஒரே ஒரு ஆளை அனுப்பினார்கள். மேயரைப் படி வழியாக ஏறச் சொன்னார்கள். அக்காவும் அந்த ஆளும் மெஷின் அறை அலமாரிக்குப் பின்னால் நின்றார்கள். பூட்டைப் பார்த்ததும் அண்ணன் திரும்பிப் போய்விடுவான் என்று அவள் நம்பினாள். அவன் திரும்பிப் போனால், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றுகூட அந்தக் காவலரைக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள்.

"பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப வந்தான்," என்றாள் அக்கா, எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து. "செருப்போட வந்தான், எனக்கு அதுவே கோவம். பூட்டப் பாத்தான். என் போட்டோவத் திருப்பிப் பாத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்னான். சரி, போயிருவான்னு நெனச்சேன். போன் அடிச்சுச்சு. எடுத்துப் பாத்தான். மௌனச்சாமிய ஓட வைக்கப் பெட்டியிலேர்ந்து கட்டரை எடுத்துப் பூட்ட வெட்டினான்."

அம்மா தண்ணீர் கொடுத்தாள். அக்கா குடிக்கவில்லை.

"பூட்டு தொங்குதுன்னா குழியில ஆள் இருக்குன்னு அர்த்தம்மா. வேற வழியே இல்லாம ஒடைக்கணும்னாலும், குழியப் பாத்து மூணு தடவ 'உள்ள யாரு'ன்னு கத்தணும். அவன் புதுசா வர்ற பசங்களுக்கெல்லாம் அதக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தவன். ஒரு தடவகூடக் கத்தல. ஒரு தடவ. நான் உள்ள இருந்திருந்தா?"

மூக்கைச் சிந்தி வேலைத் துணியில் துடைத்தாள். மூக்கு நுனியில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. வேறு நாளாக இருந்தால் கண்ணாடி எடுத்துக் காட்டியிருப்பேன்.

மூன்றாவது மாடியில் யாரையும் பிடிக்கவில்லை. கழிப்பறையில் ஒரு பை கிடந்ததாம். உள்ளே என்ன இருந்தது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த மேசைக்காரர் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. எழுந்து நாற்காலி போட்டார். காவலன் யார், எந்த ஊர், ஒருவனா பத்துப் பேரா, யாருக்கும் தெரியாது. பிடிபட்டது என் அண்ணன் மட்டும்.

வேறு பெயரில் மறுபடி குழுவுக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு நாள் அண்ணனுக்குச் சிறகு வரைந்தார்கள். பூட்டில் தொங்கும் அந்தச் சைக்கிள் திருடன் போட்டோ எப்படியோ அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதற்குப் பின்னால் வெளிச்சம். மூன்றாம் நாள் 'நாலு நிமிஷம் நிறுத்தத் துப்பில்லாதவன்' என்று ஒருவன் ஆரம்பித்தான். செருப்பும் கட்டருமாக நிற்கும் ஆளை வைத்துக் கேலிப் படம் போட்டார்கள். நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். நானே போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக வந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. போனைக் கட்டிலில் எறிந்தேன். ஐந்தாம் நாள் முட்டையின் வெள்ளைக்கரு பற்றிப் பேசினார்கள். அவன் பேச்சே இல்லை.

பன்னிரண்டாம் நாள் சிறையில் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நொண்டிக்கொண்டே வந்தான். அம்மா முதலில் முழங்காலைக் கேட்டாள். "பரவால்ல" என்றான். சாப்பிட்டாயா என்றாள். தலையாட்டினான். ஸ்பேனர் அக்காவைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தான்.

"வாலு, குரூப்ல என்னப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?"

பொய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிறகு வரைந்திருக்கிறார்கள் என்று சொன்னால் அவன் மனம் அந்தக் கூட்டத்திலேயே இருந்துவிடும். செருப்புப் படத்தைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

"யாரும் ஒண்ணும் பேசலண்ணா."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மேல தள்ளித் தள்ளிப் பாரு. நெறையப் பேர் எழுதுவாங்க, பழசெல்லாம் கீழ போயிரும். காவலன் கண்டிப்பா எழுதியிருப்பாரு." கண்கள் சிவந்திருந்தன. "நல்லாத் தேடிப் பாத்துட்டு வந்து சொல்லு, என்ன?"

"நேரமாச்சு" என்றார் சிறைக்காவலர்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். பேருந்தை ஓட்டி வந்தது ஒரு பெண். கதவைத் திறந்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அம்மா ஏறவில்லை. அது போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் அவ்ளோ ஆசையாக் கேக்கறானே. நல்லதா ஒரு வார்த்தை யாராவது எழுதியிருக்காங்களான்னு அதுல பாரேன்டி."

போனை எடுத்தேன். அம்மாவுக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்து, மேலே தள்ளித் தள்ளித் தேடினேன்.